எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் ஒரு கோப்பை

எனக்கு வயது எழுபத்தைந்து. பெற்றது நாலு, வளர்த்தது ஏழு. என் கொழுந்தனாரும் அவர் பெண்சாதியும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்த பிறகு, அவர்களுடைய மூன்று பிள்ளைகளும் என் அடுப்பில்தான் சாப்பிட்டு ஆளானார்கள். ஏழு பேரும் இன்றைக்கு நிமிர்ந்து நிற்கிறார்கள். அதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் கிடையாது.

எனக்குத் தெரிந்த எழுத்து என் கையெழுத்து ஒன்றுதான். நான் சொல்லச் சொல்ல, கூடுவாஞ்சேரியிலிருந்து ஞாயிற்றுக்கிழமை வருகிற என் பேத்தி நித்யா எழுதுகிறாள். போன வாரம் பம்ப்செட் வந்த கதையைச் சொன்னேன். இந்த வாரம் பந்து.

அது ஒரு சித்திரை மாதத்து மத்தியானம். எங்கள் ஊர் எல்லைக்கல்லுக்குப் பக்கத்தில் நிற்கிறேன். வலது மணிக்கட்டில் மஞ்சள் கயிறு. காலில் செருப்பில்லை. தார் ரோடு கொதிக்கிறது. கல்லிலிருந்து பனைமரம் வரைக்கும் நடக்கிறேன், பனைமரத்திலிருந்து கல்லுக்குத் திரும்பி வருகிறேன்.

"உக்காருக்கா. உன்னைப் பாத்தா எனக்குத் தலை சுத்துது" என்றாள் பக்கத்து வீட்டுத் தேவகி.

"நீ உக்காரு. என்னால முடியாது."

அந்த நேரம் செங்கல்பட்டு மைதானத்தில் எங்கள் ஊர்க் கிளப்பு கோப்பைக்கு ஆடிக்கொண்டிருந்தது. கோலுக்கு நிற்கிறவன் என் மூத்த மகன் ஏழுமலை. முன்னால் பந்தை எடுத்துக்கொண்டு ஓடுகிறவன் குமார், என் கொழுந்தனார் மகன். அந்த வருஷம் அவர்கள் ஆடிய ஒரு ஆட்டத்தையும் நான் விட்டதில்லை. எல்லாவற்றிலும் பெரிய ஆட்டத்தன்று கல்லுக்கு இந்தப் பக்கம் நிற்கிறேன். கல்லைத் தாண்டக் கூடாது.

ஏன் தாண்டக் கூடாது என்பதைச் சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

கலங்கல் கிளப்பு

ஏரி நிரம்பினால் உபரித் தண்ணீர் வழிந்து போகிற இடத்துக்குக் கலங்கல் என்று பெயர். பொங்கல் கழிந்து தண்ணீர் வற்றியதும் அதை ஒட்டி ஏரிக்கு உள்ளே புல் முளைத்துத் தரை கெட்டியாகும். எங்கள் பிள்ளைகள் பந்து ஆடியது அங்கேதான். அதனால் கலங்கல் கிளப்பு.

அவர்களுக்கு வாத்தியார் தாமோதரன் சார். கல்பாக்கத்தில் டெக்னீசியன் வேலை. வேலை முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கியதும் சைக்கிளை எடுத்துக்கொண்டு நேராக ஏரிக்கு வந்துவிடுவார். எங்கள் ஊரில் அவருக்கு உறவும் இல்லை, நிலமும் இல்லை. பந்து மட்டும்தான்.

லீக் என்றால் எல்லாரோடும் ஆடிப் புள்ளி சேர்ப்பது, கோப்பை என்றால் தோற்றவன் வீட்டுக்குப் போவது என்று எனக்கு விளக்கியவரும் அவர்தான். எங்கள் ஜில்லாவுக்குப் பேர் மாற்றினார்களே, அதற்கு முன்னேயோ பின்னேயோ, அந்த வருஷம் எங்கள் பிள்ளைகள் இரண்டிலும் தோற்காமல் போய்க்கொண்டே இருந்தார்கள்.

ஆட்டத்துக்கு முன்னால் குளுக்கோஸ் கொடுக்க வேண்டும் என்பார் சார். நான் கேழ்வரகுக் கூழைக் கரைத்து எடுத்துப் போவேன். ஒரு நாள் ரகசியமாக அவரும் ஒரு சொம்பு வாங்கிக் குடித்தார். அதற்குப் பிறகு குளுக்கோஸ் பேச்சை எடுக்கவில்லை.

லைன்ஸ்மேன் அம்மா

ஆட்டத்தை உட்கார்ந்து பார்க்க எனக்கு வராது. பந்து எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் கோட்டை ஒட்டி நானும் நடப்பேன். பந்து திரும்பினால் நானும் திரும்புவேன். அந்தப் பக்கம் கொடி வைத்துக்கொண்டு ஒரு ஆள் ஓடுவான், இந்தப் பக்கம் கூழ்ப்பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு நான்.

மாமல்லபுரத்துக் கடற்கரையில் ஒரு லீக் ஆட்டம். மணலில் ஓடிப் பழகிய பிள்ளைகள் அவர்கள். கடல்காற்று பந்தை இழுத்துக்கொண்டு போகிறது. குமார் உதைத்தால் பந்து சவுக்குத் தோப்புக்குப் போகிறது. நான் மணலில் கால் புதையப் புதைய நடக்கிறேன்.

"அதோ பார்றா, லைன்ஸ்மேன் அம்மா" என்று அந்த ஊர்ப் பையன் ஒருவன் கத்தினான்.

"ஆமாண்டா. நீ பந்தைப் பாத்து ஓதை. என்னைப் பாத்தா கோலு வுழாது" என்றேன். அவன் சிரித்தான், அடித்தான், பந்து கோலுக்கு மேலே போயிற்று. அந்த ஆட்டம் சமன். ரெப்ரி என்னிடம் வந்து, இனி வாயைத் திறந்தால் வெளியே அனுப்பிவிடுவேன் என்றார். நான் வெளியேதானே நிற்கிறேன் என்றேன்.

எங்கள் வீட்டுக்காரர் ஒரு ஆட்டத்துக்கும் வந்ததில்லை. அவருக்கு மாடு, ஏர், கோயில், இந்த மூன்றும்தான். "கை கீது, கால் கீது, அதை வுட்டுட்டு பந்தைத் தலையால மோதறானுங்களே, மனுசனா ஆட்டுக்கிடாவா?" என்பார். ஏழுமலையிடம் பந்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அவனும் பேசியதில்லை. அப்பனும் மகனும் ஒரே படியில் நெல் அளப்பார்கள், வாய் மட்டும் பூட்டிக் கிடக்கும்.

மஞ்சள் கயிறு

லீக்கில் முதல் இடம் வந்துவிட்டது. பிள்ளைகள் ஊருக்குள் ஆடிக்கொண்டு வந்தார்கள். எங்கள் ஊர் திரௌபதி அம்மன் கோயிலில் தீமிதித் திருவிழாவுக்குக் காப்புக் கட்டுகிற நாள் அது. சந்தோஷம் தலைக்கேறி, ஆறு பேர் ஏரியில் இருந்த கொஞ்சம் தண்ணீரில் முங்கிவிட்டு ஈரத் துணியோடு வந்து கையை நீட்டினார்கள். பூசாரி கட்டிவிட்டார். ஏழுமலை, குமார், தேவகி மகன் செல்வம், இன்னும் மூன்று பேர்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். காப்பு என்பது மஞ்சள் தடவிய கயிறு, நடுவில் ஒரு மஞ்சள் துண்டு. அதைக் கட்டிக்கொண்டவர் தீக்குண்டம் இறங்கி ஏறும் வரைக்கும் ஊர் எல்லை தாண்டக் கூடாது. ஒரு வேளைச் சாப்பாடு. காலில் செருப்புக் கூடாது.

கோப்பை இறுதி ஆட்டம் தீமிதி முடிந்து அடுத்த வாரம் என்று சொல்லியிருந்தார்கள். அந்தத் தைரியத்தில்தான் கட்டிக்கொண்டார்கள்.

இரண்டு நாள் கழித்துச் சாயங்காலம் தாமோதரன் சார் சைக்கிளைக் கோயில் வாசலில் போட்டுவிட்டு ஓடி வந்தார்.

"மைதானத்துல பொருட்காட்சி போடறாங்களாம். ஃபைனலை முன்னாடியே வெச்சிட்டாங்க. வர்ற சனிக்கிழமை" என்றார். அப்போதுதான் பிள்ளைகளின் கையைப் பார்த்தார். "என்னடா இது?"

"காப்பு சார்" என்றான் குமார். "எல்லை தாண்டக் கூடாது."

"செங்கல்பட்டு எல்லைக்கு வெளியேதானே இருக்கு?"

"ஆமா சார். பூட்ஸும் போடக் கூடாது. தோலாச்சே."

சார் கோயில் படியில் உட்கார்ந்துவிட்டார். "ஆறு பேர் இல்லாம டீமே இல்லடா. நாம போகலைன்னா மாமல்லபுரத்துப் பசங்களுக்குக் கோப்பையைச் சும்மா தூக்கிக் குடுத்துடுவாங்க. யாரைக் கேட்டுக் கட்டினீங்க?" என்றவர், பூசாரியைப் பார்த்து, "அவுத்துட்டா என்ன ஆகும்?" என்றார்.

"அவுக்கற கயிறு இல்ல சார் அது" என்றார் பூசாரி. குரலை உயர்த்தவில்லை.

அன்றைக்கு ஊரே நிலைகொள்ளாமல் அலைந்தது. நானும் கோயிலுக்கும் வீட்டுக்கும் நடந்தேன். உலையில் அரிசி போட்டேனா இல்லையா என்று இரண்டு தரம் மூடியைத் திறந்து பார்த்தேன்.

ஒரே அடுப்பு

மறுநாள் காலையில் பூசாரி எல்லாரையும் கூப்பிட்டார்.

"ஒரு வழி கீது. என் நைனா காலத்துல, பட்டாளத்துக்குக் கூப்ட்டாங்கன்னு ஒருத்தன் காப்பை அவன் பொண்டாட்டி கைக்கு மாத்திக் கட்டினாங்க. ஒரே அடுப்புல துன்றவங்க வாங்கிக்கலாம். வாங்கினவங்கதான் எல்லைக்குள்ள கெடக்கணும், வாங்கினவங்கதான் குண்டம் எறங்கணும். ஒரு கைக்கு ஒரு காப்பு. யோசிச்சிக்கினு வாங்க."

யோசிக்க என்ன இருக்கிறது? தேவகி முதலில் வந்தாள். "இந்தா என் கை. இவன் வூட்ல ஒரு சொம்பு தண்ணி மொண்டு தந்ததில்ல, இவனுக்காக நான் நெருப்புல நடக்கறேன்" என்று மகனைத் திட்டிக்கொண்டே கட்டிக்கொண்டாள். இன்னொரு பையனுக்கு அவன் அக்கா, இன்னொருவனுக்குப் பெண்சாதி, கடைசிப் பையனுக்கு அவன் அம்மா.

என் வீட்டில் இரண்டு கயிறு. நான் ஒருத்தி. என் பெண்கள் கட்டிக்கொடுத்துப் போய் வேறு அடுப்பு ஆகிவிட்டார்கள். மற்றப் பிள்ளைகள் வெளியூரில். மருமகள் லட்சுமி, ஏழுமலை பெண்சாதி, வயிற்றில் ஆறு மாதம். வயிற்றுப்பிள்ளைக்காரியை நெருப்புக்கு அனுப்ப முடியுமா?

ஏழுமலை சொன்னான்: "குமாரோடத வாங்கிக்கமா. நான் போவல."

"அண்ணன் இல்லாம இன்னா ஆட்டம்?" என்றான் குமார். "கோலுக்கு யாரு நிப்பா? பெரிம்மா, நீ அண்ணனோடத வாங்கு."

தேவகி இடையில் புகுந்தாள். "இதுல இன்னாக்கா ரோசனை? பெத்தவன் கயித்த வாங்கு. குமாரு ஓரகத்தி புள்ளதானே."

எனக்குச் சுருக்கென்றது. "என் அடுப்புல யாருக்கும் தனிச் சட்டி கெடையாது, தேவகி" என்றேன். சொல்லிவிட்டுக் கையைக் குமாரிடம் நீட்டினேன். ஏழுமலைக்குக் கேட்க ஒரு அப்பன் இருக்கிறார். குமாருக்கு நான்தான். என் மனதில் அவ்வளவுதான் ஓடிற்று. ஆனாலும் கயிறு என் கைக்கு வருகிறபோது ஏழுமலை முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. அவன் கயிறு கட்டிய கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றான்.

எங்கள் வீட்டுக்காரர் அங்கேதான் இருந்தார். குண்டத்துக்குப் புளியங்கட்டை பிளக்கிற வேலை அவருடையது. கோடாலிச் சத்தம் நின்றுபோனது. மேல்துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"எனக்குக் கட்டு" என்றார்.

நான் வாயைப் பிளந்தேன். "நீயா?"

"ஏன்? நான் அந்த அடுப்புல துன்னலையா?"

ஒருவரும் சிரிக்கவில்லை. அவர் மகனைப் பார்க்காமல் பூசாரியைப் பார்த்தே சொன்னார்: "எவன் எந்தப் பந்த ஓதைச்சா எனக்கு இன்னா? கோயில் காரியம் நிக்கக் கூடாது."

பூசாரி முடிச்சை அவிழ்த்தார். ஏழுமலை அதைத் தன் கையில் வாங்கி அவனே அப்பாவுக்குக் கட்டினான். முடிச்சு சரியாக விழவில்லை. "இறுக்கிக் கட்றா. மாட்டுக்குக் கட்ற மாதிரி கட்டு" என்றார் அவர்.

கல்லுக்கு இந்தப் பக்கம்

சனிக்கிழமை சாப்பாட்டு நேரத்துக்கு முன்னாலேயே பிள்ளைகள் மினி லாரியில் ஏறிப் போனார்கள். நாங்கள் ஆறு பேரும் எல்லைக்கல் வரைக்கும் கூடவே நடந்து போய் நின்றுவிட்டோம். லாரி போன பிறகும் வீட்டுக்குத் திரும்ப ஒருவருக்கும் மனம் வரவில்லை.

அப்போதுதான் நான் கல்லுக்கும் பனைமரத்துக்கும் நடக்க ஆரம்பித்தேன். இந்நேரம் ஆட்டம் தொடங்கியிருக்கும் என்று ஒரு நடை. இந்நேரம் பந்து எந்தப் பக்கம் என்று ஒரு நடை. பார்க்காத பந்துக்குப் பின்னால் நடப்பது போல ஒரு கொடுமை கிடையாது. எந்தப் பக்கம் திரும்புவது என்றே தெரியாது.

வெயில் சாய்கிற நேரம் செங்கல்பட்டு பஸ் வந்தது. ரோட்டில் குறுக்கே நின்று மறித்தேன்.

கண்டக்டர் தலையை நீட்டினார். "இன்னாம்மா கூட்டமா கீறீங்க, யார்னா செத்துட்டாங்களா?"

"உன் வாய்ல மண்ணு. மைதானம் பக்கமா வந்தியா? கோப்பை ஆட்டம் இன்னா ஆச்சு?"

"நான் பஸ் எடுக்கறப்போ மைக்ல சொன்னான். மாமல்லபுரம் பசங்க ஒரு கோலு போட்டுக்கீறாங்களாம்."

"நம்ம பசங்க?"

"அப்பிடி ஒண்ணும் சொல்லல" என்று விசிலை ஊதினார். பஸ் போய்விட்டது.

தேவகி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழத் தொடங்கினாள். "எழுந்து நடடி, அழாத" என்று அதட்டினேன். என் நடை இன்னும் வேகமாயிற்று. கல்லுக்கு அந்தப் பக்கம் ஒரு அடி எடுத்து வைத்தால்தான் என்ன, ஓடினால் ஜி.எஸ்.டி. மெயின் ரோட்டில் ஏதாவது வண்டி கிடைக்காதா என்று கால் கேட்கிறது. மணிக்கட்டில் கயிறு உறுத்துகிறது.

எங்கள் வீட்டுக்காரர் பனைமரத்து நிழலில் குந்தியிருந்தார். குச்சியால் மண்ணைக் கீறிக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டார்:

"கோலுக்கு நிக்கறவன் இன்னாமே பண்ணுவான்?"

நான் நடையை நிறுத்தினேன். "பந்து உள்ள பூராம தடுப்பான்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான். அவன் மட்டும்தான் கைல தொடலாம்."

"மத்தவனெல்லாம் ஓடறானே, இவன் சும்மாவா நிப்பான்?"

"சும்மா இல்ல. பாத்துக்கினே நிக்கணும். எப்ப வரும்னு தெரியாது."

அவர் ரோட்டைப் பார்த்தார். பிறகு எல்லைக்கல்லைப் பார்த்தார். "பேஜாரான வேலைதான்" என்றார்.

இருபத்திரண்டு வயது மகனைப் பற்றி அப்பன் முதல் தடவையாகக் கேட்ட கேள்வி அது. கேட்ட நேரத்தில் மகன் இல்லை.

லாரி

கோயிலில் விளக்கு வைத்துப் பம்பை அடிக்கத் தொடங்கிய வேளையில் லாரியின் விளக்கு தெரிந்தது. சத்தமே இல்லை. ஜெயித்து வருகிற வண்டி ஒரு மைல் தூரத்திலேயே கத்திக்கொண்டு வரும். இது பிணம் ஏற்றிய வண்டி போல வந்தது. தேவகி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ரோட்டில் நிற்கிற எங்களைக் கண்டு டிரைவர் நிறுத்திவிட்டான். கல்லுக்கு அந்தப் பக்கம், எட்டாத தூரத்தில். கருங்குழி ஊர்ப் பையன், எங்கள் ஊர் விவரம் தெரியாதவன்.

"வழி வுடுங்கம்மா."

"ஆட்டம் இன்னாடா ஆச்சு?"

"எனக்கு இன்னா தெரியும்? நான் வண்டியிலயே படுத்துக்கினு இருந்தேன். ஏறனதுலேருந்து தூங்கறானுங்க, சாருகூட தூங்கறாரு."

எட்டிப் பார்த்தால், ஆமாம், முன் சீட்டில் தாமோதரன் சார் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறார். பின்னால் ஒருவர் மேல் ஒருவராகக் கிடக்கிறார்கள். நான் கத்தினேன், தேவகி கத்தினாள். ஒரு தலையும் அசையவில்லை. எங்களால் ஒரு எட்டு முன்னால் வைக்க முடியாது. எங்கள் வீட்டுக்காரர் ஒரு மண்கட்டியை எடுத்து லாரிப் பலகையில் விட்டெறிந்தார்.

குமார் எழுந்தான். ஒரு கன்னத்தில் வளையமாக ஏதோ பதிந்த அச்சு. தலைக்கு வைத்துப் படுத்திருந்த துண்டு மூட்டையைப் பிரித்து அப்படியே தூக்கிக் காட்டினான்.

கோப்பை. அதன் காதுதான் கன்னத்தில் பதிந்திருந்தது.

அதற்குப் பிறகு யார் என்ன சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது, எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். குமார் கடைசியில் ஒரு கோல் போட்டுச் சமன் செய்தானாம். பிறகு பெனால்டி என்று ஆளுக்கொரு உதையாம். கடைசி உதையை ஏழுமலை பிடித்துவிட்டானாம்.

ஏழுமலை லாரியிலிருந்து குதித்துக் கல்லைத் தாண்டி உள்ளே வந்தான். அப்பாவுக்கு முன்னால் வந்து நின்றான்.

"எந்தக் கையால புடிச்ச?" என்றார் அவர்.

"ரெண்டு கையாலயும், நைனா."

அவர் அவன் கைகள் இரண்டையும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், மாட்டுக்குக் குளம்பு பார்க்கிற மாதிரி. பிறகு கோப்பையை வாங்கிப் பார்த்தார். எங்கள் வீட்டுச் சொம்பைவிடக் கொஞ்சம் பெரிசு.

"இவ்ளோதானா?" என்றார். அப்போதுதான் எல்லாரும் சிரித்தோம்.

குண்டம்

மறுநாள் சாயங்காலம் தீமிதி. பிளந்த கட்டைகள் எல்லாம் தணலாகிச் சிவந்து கிடந்தன. வேப்பிலையைக் கையில் கொடுத்தார்கள். தணலில் ஓடக் கூடாது, நடக்க வேண்டும் என்று பூசாரி சொன்னார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

இப்போது பிள்ளைகள் ஓரத்தில் நின்றார்கள். அவர்கள் பட்ட பாட்டைப் பார்க்க வேண்டும். செல்வம் கண்ணை மூடிக்கொண்டான். தாமோதரன் சார் ஷூவைக் கழற்றி எங்கோ வைத்துவிட்டு, ஈரத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு தவித்தார். முந்தின நாள் நாங்கள் பட்டதை அவர்கள் படட்டும் என்று எனக்குள் ஒரு சின்ன சந்தோஷம்கூட வந்தது.

"கோவிந்தா, கோவிந்தா" என்று கூட்டம் கத்தியது. எங்கள் வீட்டுக்காரர் முன்னால் இறங்கினார். நாற்றங்கால் வரப்பில் நடக்கிறவர் போல நிதானமாகப் போனார். அவர் பின்னால் நான்.

சூடு கன்னத்தில் அடித்தது. ஓடு ஓடு என்று கால் சொல்கிறது. அப்போது பக்கத்தில் ஏதோ அசைகிறது. குண்டத்தின் ஓரத்தை ஒட்டி, கயிறு கட்டிய எல்லையில், குமார் என்னோடு நடந்து வருகிறான். நான் ஒரு அடி வைத்தால் அவனும் ஒரு அடி. என்னையே பார்த்துக்கொண்டு, நான் அவன் பந்துக்குப் பக்கத்தில் நடந்தேனே, அதே மாதிரி. அவனைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். குண்டத்து முடிவில் காலை நனைக்கிற பால் குழியில் கால் வைத்த பிறகுதான் முடிந்துவிட்டது என்று தெரிந்தது. அங்கே ஏழுமலை அப்பாவைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். அவருக்குத் தாங்கல் தேவைப்படவில்லை. ஆனாலும் கையை விடுவித்துக்கொள்ளவில்லை.

கோப்பை இன்றைக்கும் கோயில் அறையில் பம்பைக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஏழுமலைக்கு அந்த ஆட்டத்தால் வேலை வந்தது, பட்டணத்தில் ஒரு ஆபீஸ் டீமில் சேர்ந்தான் என்பதெல்லாம் வேறு கதை. எங்கள் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து வருஷம் பல ஆகிவிட்டது. அந்த இறுதி ஆட்டத்தை நான் பார்க்கவே இல்லை. ஆடினவர்களிடம் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறேன். ஆளுக்கு ஒரு மாதிரி சொல்கிறார்கள்.

லட்சுமி வயிற்றில் அன்றைக்கு இருந்தவள்தான் இதை எழுதுகிற நித்யா. அவளும் பார்க்கவில்லை.

"போதும் நித்யா. எழுதினதைப் படிச்சிக் காமி. மொத்தமும் வேணாம். உன் தாத்தா கோடாலியை வெச்சிட்டு வர்றாரே, அங்கேருந்து படி."

"சரி ஆயா, மொதல்ல உக்காரு."

"நீ படி. நான் நடந்துக்கினே கேக்கறேன்."